அமுக்க அமுக்க ஓயும் பொத்தான்கள்

முதலில் என்னை விட்டுப் போனது சிரிப்பு. மோகனூரில் என் கணவருடைய சித்தப்பா வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டு வந்தோம். இரண்டு நாள் கழித்துப் படங்கள் வந்தன. எல்லாரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் மேலுதடு ஒரு பக்கம் தூக்கி, பக்கத்தில் நிற்பவரைக் கடிக்கப் போவதுபோல் நின்றிருந்தேன். அன்றைக்கு நானும் சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

அன்று மாலையே என் மாமியாருக்குப் போன் வந்துவிட்டது. "உன்ற மருமகளுக்கு எங்க மேல என்ன கோவம்?"

என் பெயர் கோகிலா. சேலத்துக்கு வெளியே, மலைப்பாதை ஆரம்பிக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர் பிரபு லாரி உதிரிபாகக் கடையில் மேலாளர். நான் வீட்டிலிருந்தே கைப்பேசி விளையாட்டுகள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். விளையாட்டு எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது என் பொறுப்பு. விளையாடுகிறவருக்கு எரிச்சல் வர வேண்டும். போனைச் சுவரில் எறிகிற அளவுக்கு வரக் கூடாது. இதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் என் மாமியார் இன்றுவரை நம்புவதில்லை.

மாமியார் பெயர் பழனியம்மாள். மோகனூரில் கரும்பு வெட்டு முடிந்ததும் எங்களோடு கொஞ்ச நாள் இருக்க வந்திருந்தார். ஒரே நிறப் பழங்களை வரிசை சேர்த்து உடைக்கும் விளையாட்டு ஒன்றைச் சத்தத்தைக் குறைக்காமல் நாள் முழுக்க விளையாடுவார். எங்கள் தெருவில் அவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும்.

சிரிப்புக்குப் பிறகு இடது கண் இமை. காலையில் கண் சாதாரணமாக இருக்கும். பொழுது சாயச் சாய இமை இறங்கிவிடும். பிறகு எல்லாம் இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. சோபாவில் இரண்டு பிரபு உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பார்கள். "ஏனுங்க, அரிசி களைஞ்சு வைங்க" என்றால் இரண்டு பேரும் "இதோ வாரேன்" என்பார்கள். இரண்டு பேரில் ஒருவராவது எழுந்து வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை.

தலை சீவக் கையைத் தூக்கினால் பாதியில் கை இறங்கிவிடும். சப்பாத்தியில் முதல் வாய் நன்றாக மெல்லுவேன். நாலாவது வாய்க்குத் தாடை தொங்கிவிடும். கையால் முட்டுக் கொடுத்து மூட வேண்டும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் மறுபடி மெல்ல முடியும். அதுதான் பெரிய வம்பு. காலையில் எழுந்து மளமளவென்று வேலை செய்கிற ஒருத்தி, சாயங்காலம் துணி மடிக்கச் சொன்னால் படுத்துக்கொள்கிறாள் என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

"காலைல நல்லாத்தானே இருந்தே கண்ணு?" என்பார் மாமியார். குரலில் குற்றம் இருக்காது. சந்தேகம் மட்டும் இருக்கும். அதுதான் தாங்காது.

கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியை மாற்றினார். தெரு முனை மருத்துவர் சத்து மாத்திரை எழுதினார். பிரபு வாயுத் தொல்லை என்றார்; அவருக்கு உலகத்தில் எல்லாமே வாயுத் தொல்லை. கடைசியில் கண் மருத்துவர் ஒருவர்தான், "இது கண்ணுல இல்லம்மா, நரம்பு டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பினார்.

சேலத்தில் ஒரு பெரிய மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக் காத்திருப்பு அறையில் நாற்காலிகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்துப் போடப்பட்டிருக்கும். டோக்கன் எண் காட்டும் பலகையைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் எனக்கு எல்லா எண்ணும் இரண்டாகத் தெரியும். என் எண் வருவதற்கு முன்பே இரண்டு தடவை எழுந்துபோய்த் திட்டு வாங்கினேன்.

நரம்பியல் மருத்துவர் என்னை மேலேயே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். பார்க்கப் பார்க்க இமை இறங்கியது. செவிலியரைக் கூப்பிட்டு, ரப்பர் கையுறையில் பனிக்கட்டியைப் போட்டு முடிந்து, மூடிய கண்மேல் கொஞ்ச நேரம் வைக்கச் சொன்னார். எடுத்ததும் இமை கடை ஷட்டர் மாதிரி மேலே போய் நின்றது. குளிரில் நரம்புக்கும் தசைக்கும் நடுவில் சமாசாரம் கொஞ்சம் நன்றாகப் போகுமாம்.

கூட வந்த மாமியார் எட்டிப் பார்த்தார். "ஐஸ் வச்சாப் போற சீக்குக்கா இத்தாம்பெரிய ஆஸ்பத்திரி?"

மருத்துவர் சிரித்துவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். மயஸ்தீனியா கிராவிஸ். "நரம்பு தசையைப் பார்த்து 'அசை'ன்னு சொல்லுது. அந்தப் பேச்சைக் கேக்குற காதுங்க தசையில இருக்கு. உங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே தப்பாப் புரிஞ்சுக்கிட்டு அந்தக் காதையெல்லாம் அடைச்சுடுது. முதல் ரெண்டு தடவை கேக்கும். திரும்பத் திரும்பச் சொன்னாக் கேக்காது. ஓய்வு குடுத்தா மறுபடி கேக்கும்."

"என்ற மகன் மாதிரிங்களா?" என்றார் மாமியார்.

பிறகு சோதனைகள். கையிலும் முகத்திலும் ஒரே நரம்பில் சின்னச் சின்ன மின்தட்டுகளாகத் தட்டி, தசை கொடுக்கும் பதில் குறைந்துகொண்டே போகிறதா என்று பார்த்தார்கள். குறைந்தது. ரத்தத்தில் அந்தத் தப்பான எதிர்ப்புப் பொருள் இருந்தது. நெஞ்சை ஸ்கேன் எடுத்ததில், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பி வீங்கியிருந்தது. குழந்தைப் பருவத்தில் எதிர்ப்பு சக்திக்குப் பாடம் சொல்லித்தரும் சுரப்பி அது. வளர்ந்தபின் சுருங்கிவிட வேண்டும். என்னுடையது ஓய்வு பெற மறுத்து, இன்னும் தப்பும் தவறுமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிடலாம் என்றார்கள்.

மாத்திரை கொடுத்தார்கள். விழுங்கிய கொஞ்ச நேரத்தில் இமை ஏறும், பேச்சு தெளியும், கூடவே வயிற்றுக்குள் லாரி ஓடும். நரம்பின் பேச்சு கண்ணுக்கு மட்டுமல்ல, குடலுக்கும் நன்றாகக் கேட்க ஆரம்பித்துவிடுகிறது. முகத்தை நிமிர்த்திவிட்டுக் கழிப்பறைக்கு ஓடுவேன்.

ஒருநாள் தண்ணீர் குடிக்கையில் அது மூக்கு வழியாக வெளியே வந்தது. விழுங்கும் தசையும் ஓய்ந்துவிட்டது. அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். உடம்பைத் தேற்றியபிறகுதான் அறுவை சிகிச்சை. பகலில் பிரபுவுக்குக் கடை. அதனால் என்னோடு மருத்துவமனையில் தங்கியது மாமியார்; அவரோடு பழ விளையாட்டு.

காலையும் மாலையும் ஒரு செவிலியர் வந்து ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். மூச்சு இழுக்கும் தசையில் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று அதில் தெரியும். நான் இருபதைத் தாண்டத் திணறுவேன். ஒருநாள் மாமியார், "இதென்ன பெரிய வித்தை" என்று ஆரம்பித்தார். கரும்புக் காட்டின் இந்த முனையில் நின்று அந்த முனையில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய மூச்சு. வார்டில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் எண்ணி முடித்தபின் எனக்கு எண்ணவே வெட்கமாக இருந்தது.

அங்கேதான் அந்த விளையாட்டைச் செய்தேன். பிரபுவிடம் மடிக்கணினியைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டால் திரை ஒன்றாகத் தெரியும். காலையில் தெம்பு இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள், பதில் சொன்னால் நாலாவது வாக்கியத்தில் பேச்சு மூக்கால் வரும், ஐந்தாவதில் யாருக்கும் புரியாது. சொல்ல முடியாததைச் செய்து காட்டிவிடலாம் என்று தோன்றியது.

எளிய விளையாட்டுதான். ஒரு வீடு, ஒரு பெண், ஒரு பகல். நட, தூக்கு, மெல்லு, பேசு, சிரி என்று பொத்தான்கள். பொழுது சாய்வதற்குள் வீட்டு வேலையை முடித்து அந்தப் பெண் ஒரு தட்டுச் சோறு தின்றுவிட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் எந்தப் பொத்தானும் முதல் முறை அமுக்கியதுபோல் அடுத்த முறை வேலை செய்யாது. வேகமாக அமுக்கினால் சீக்கிரம் ஓயும். எவ்வளவு தெம்பு மிச்சம் என்று காட்டும் பட்டை எல்லா விளையாட்டிலும் திரையின் மேல் ஓரத்தில் இருக்கும், இதில் வைக்கவில்லை. எனக்கு யார் காட்டுகிறார்கள்? ஓயப் போகிறதற்கு ஒரே அடையாளம், அந்தப் பெண் கையைத் தாடைக்கு முட்டுக் கொடுப்பாள். அவளை உட்கார வைத்தால் தெம்பு மெதுவாகத் திரும்பும். ஆனால் உட்கார்ந்த உடனே பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் வந்து நின்று, "காலைல நல்லாத்தானே இருந்தே?" என்பாள். அதைக் கேட்டுப் பதில் சொல்லவும் கொஞ்சம் தெம்பு போகும். சோபாவில் ஒரு கணவன் உண்டு. அவனைத் தொட்டால் "இதோ வாரேன்" என்பான். எழ மாட்டான்.

என் தொழில் வாழ்க்கையிலேயே இவ்வளவு மோசமாக ஒரு விளையாட்டை வடிவமைத்ததில்லை. போனைச் சுவரில் எறிய வைக்கும். அதுதான் வேண்டும்.

என் போனில் ஏற்றி, யாருக்கும் காட்டுவதற்கு முன்பே அது மாமியார் கைக்குப் போய்விட்டது. பழ விளையாட்டில் அவருக்கு உயிர்கள் தீர்ந்து, அடுத்த உயிர் வரும்வரை காத்திருக்க வேண்டிய நேரம். "உன்ற கேமைக் குடு, பாப்போம்" என்றார்.

முதல் ஆட்டத்தில் குடத்தோடு கீழே விழுந்தாள் அந்தப் பெண்; மாமியாருக்கு அவள் "பொம்மை". இரண்டாவதில் பாத்திரத்தோடு. மாமியார் பெருவிரலால் திரையைக் குத்தினார்.

"கேம் கெட்டுப் போச்சு கோகிலா. அமுக்க அமுக்க வேலை செய்ய மாட்டீங்குது."

"உக்கார வைங்க அத்தை."

உட்கார வைத்தார். பச்சைச் சேலை வந்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இந்தக் கெழவி எதுக்குக் குறுக்க குறுக்க வாறா? இவளை வெளிய தள்ற பொத்தான் எங்க?"

"அப்படிப் பொத்தான் இல்லீங்க."

"செத்த உக்கார விடறாளா பாரு. வாய்... வாய்..."

பிறகு சோபாக் கணவனைக் கண்டுபிடித்தார். தொட்டார். "இதோ வாரேன்." மறுபடி தொட்டார். "இதோ வாரேன்." விடாமல் தொட்டுக்கொண்டே இருந்தார்; பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் நிஜப் பிரபு மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பையோடு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

"பிரபு, அந்த டம்ளரைக் கழுவிக் கொண்டா" என்றார் மாமியார்.

"இதோ வாரேம்மா."

மாமியார் திரையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "எந்திரிடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பிரபுவோடு எதிர்ப்படுக்கைப் பாட்டையாவும் எழுந்துவிட்டார். பிரபு டம்ளரைக் கழுவினார். கையோடு தட்டையும் கழுவினார். என்ன நடந்தது என்று அவருக்கு நான் பிறகுதான் சொன்னேன்.

மறுநாள் காலை மாமியார் என் தலையைச் சீவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அந்தக் கெழவிக்குச் சேலையை மாத்து. பச்சை எனக்கு ஆகாது" என்றார்.

சீப்பு இரண்டு தடவை போய் வந்தது.

"அவளுக்கும் ஒரு வேலை குடு. சும்மா பேசிட்டே நின்னா? தொட்டா அவ போயித் தண்ணி எடுத்துட்டு வரோணும். சோபாக்காரனும் எந்திரிக்கோணும்."

"அப்புறம் கேம் சுலபமாப் போயிருமுங்க அத்தை."

"போகட்டுமே. யாருக்கு நட்டம்?"

அன்றே மாற்றினேன். கூப்பிட்டால் அந்த அம்மாள் வருவாள். நாலைந்து தடவை தொட்டால் கணவனும் எழுவான். சேலைக்கு மாம்பழ மஞ்சள் போட்டேன்.

இதற்கு நாலு நாள் கழித்து, பகல் பதினொரு மணி இருக்கும். ஊரிலிருந்து யாரோ போனில் பேசினார்கள். நலமாக இருக்கிறேன் என்று நீளமாக விளக்கிக்கொண்டிருந்தேன். மாமியார் பழங்களை உடைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"கோகிலா, தாடைக்குக் கை குடுத்துட்டே."

நான் கவனிக்கவே இல்லை. "ஒண்ணுமில்லீங்க" என்றேன். அது மூக்கால் வந்தது, பாதிதான் வந்தது.

அவர் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு வராந்தாவுக்குப் போனார். "ஏனுங்! சிஸ்டருங்! இங்க ஓடியாங்க! பொம்மை உளுவப் போவுது!" கரும்புக் காட்டுக் குரல். செவிலியர் ஓடிவந்து எண்ணச் சொன்னார். என்னால் ஐந்தைத் தாண்ட முடியவில்லை.

தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இதுவரை எழுதியதில் சிரித்திருந்தால் பரவாயில்லை. நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். இந்த இடத்தில் மட்டும் முடியவில்லை. மூச்சு என்பது நான் சொல்லாமலே நடந்துகொண்டிருந்த வேலை. அன்று ஒவ்வொரு மூச்சையும் நானே எடுத்தாக வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சின்னதாக வந்தது. வலி இல்லை. உள்ளே யாரோ ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே வருவது போலிருந்தது. முகமூடி போட்டுக் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தொண்டையில் குழாய் போட வேண்டியிருந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள்.

அங்கிருந்த இளம் மருத்துவர் முகமூடிக்கு மேலாக என்னிடம் ஏதேதோ கேட்டார். வாசலில் நின்ற மாமியார் உள்ளே வந்துவிட்டார்.

"அவளைக் கேக்காதீங்க சாமி. பதில் சொன்னா இருக்கற தெம்பும் போயிரும். என்னையக் கேளுங்க, நான் சொல்றேன்."

சொன்னார். மாத்திரை எந்த நேரத்தில், எத்தனை வாய் சாப்பிட்டேன், எத்தனை தடவை கழிப்பறை போனேன், அது எப்படிப் போனது, எல்லாம். அந்தப் பிரிவில் நினைவு இருந்த அத்தனை பேருக்கும் என் வயிற்று விவரம் தெரிந்தது. வெட்கப்படவும் தெம்பு வேண்டும். அன்று அது என்னிடம் இல்லை.

ரத்தத்தை ஒரு பக்கம் எடுத்து, அதிலிருக்கும் மஞ்சள் திரவத்தை மட்டும் பிரித்துக் கழித்துவிட்டு, புதுத் திரவம் சேர்த்து மறுபக்கம் உடம்புக்கே அனுப்பும் ஓர் இயந்திரம் இருக்கிறது. அந்தத் திரவத்தில்தான் காதை அடைக்கும் பொருள் ஓடுகிறது. ஒன்றுவிட்டு ஒருநாள் அதைச் செய்தார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு முகமூடியை எடுத்தார்கள். பில் வந்தபோதெல்லாம் பிரபு அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வாயுத் தொல்லைக்கு மாத்திரை எழுதியிருக்காங்க" என்பார். அவர் சொன்னதில் நான் நம்பாமல், ஆனால் நன்றியோடு கேட்டது அது ஒன்றுதான். அந்த நாட்களில் அவர் கடையிலிருந்து நேரே வந்து, சாதத்தைக் குழையப் பிசைந்து, ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் அவசரப்படாமல் உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டார்.

நெஞ்செலும்பைத் திறந்து தைமஸை எடுத்தார்கள். அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை. வீட்டுக்கு வந்து பல மாதம் ஆகிறது. நோய் போய்விடவில்லை. மாத்திரை இருக்கிறது, ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் பணியாரமாக உப்பியிருக்கிறது. ஆனால் ஒரு சப்பாத்தியை முட்டுக் கொடுக்காமல் தின்கிறேன்.

போன மாதம் மோகனூரில் ஒரு புதுமனை புகுவிழா. மாமியார் எனக்கு மின்விசிறிக்கு நேராக ஒரு நாற்காலி போட்டு, எழக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பிரபுவின் பெரியப்பா அந்தப் பக்கம் வந்தார். ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டவர். பாறை வந்தால் இன்னும் அழுத்து என்பதுதான் அவர் அறிந்த வழி.

"ஏம்மா, பந்தியில ஆளு பத்தாம அல்லாடறாங்க. நீ இங்க உக்காந்திருக்கறே? பாத்தா நல்லாத்தானே இருக்கறே?"

நான் வாய் திறப்பதற்குள் மாமியார் வந்து தன் போனை அவர் கையில் கொடுத்தார். "இதை வெளையாடுங்க மாமா. ஜெயிச்சுப்போட்டு வந்து கேளுங்க."

அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பொத்தான்களைத் துளை போடுவதுபோல் அமுக்கினார். முதல் பந்தி முடிந்தது. "சனியன்" என்றார். மறுபடி ஆரம்பித்தார். யாரோ சாப்பிடக் கூப்பிட வந்தார்கள்; கையை ஆட்டி அனுப்பிவிட்டார். இரண்டாவது பந்தியும் எழுந்தது. போனை எறிந்துவிடுவார் என்று நான் காத்திருந்தேன். எறியவில்லை. அவர் குரல் இறங்கிவிட்டிருந்தது.

"ஏஞ்சாமி, இந்தப் புள்ளை ஒவ்வொருக்காவும் பட்டினியாவே படுக்குதே. ஒருவாய் சோறு திங்க வழியே கெடையாதா?"

"இருக்குதுங்க பெரியப்பா. ஊட்ல ஆளு இருக்கறாங்கல்ல, அவங்களைக் கூப்பிடுங்க" என்றேன்.

"நம்ம வேலைக்கு எதுக்கு அடுத்தவங்களை..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். விரலால் மெதுவாக மஞ்சள் சேலைக்காரியைத் தொட்டார். அவள் தண்ணீர் எடுத்து வந்தாள். சோபாக்காரனைத் தொட்டார், மறுபடி, மறுபடி தொட்டார். அவன் எழுந்து தட்டு வைத்தான். பெரியப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மெல்லு பொத்தானை ஒருமுறை அமுக்கி, காத்திருந்து, மறுபடி ஒருமுறை அமுக்கினார். அந்தப் பெண் தட்டைக் காலி செய்யும்வரை மூச்சே விடவில்லை.

பிறகு போனை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் பந்தி நடக்கும் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்.

"டேய், யாருடா அங்க? இங்க ஒரு மேசையைப் போட்டு ரெண்டு எலை கொண்டாங்க. சோத்தைக் கொழைய எடுத்துட்டு வாங்க. நாங்க மெதுவாத்தான் திம்போம்."